அதிர்வுப் பலகையில் ஏறிய வாழைத்தண்டு

போன வாரம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு, அதாவது பிசியோதெரபி கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்த பெண். புதிதாக ஒரு அதிர்வுப் பலகை வாங்கியிருக்கிறார்களாம். தசையை அளக்கும் கருவிக்கு இப்போது ஒயரே கிடையாதாம். எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் அவள் குரலில் ஒரு சங்கடம்.

"சார், கம்பெனிக்காரர்ட்ட ஒரு வாழத்தண்டு வேணும்னு சொன்னேன். மத்தியானம் பொரியலுக்கான்னு கேட்டுச் சிரிக்காரு. நூர்ஜஹான் மேடம் என்னடான்னா வாழத்தண்டு ஏத்தாம மெசினத் தொடக்கூடாதுங்காங்க. ஏன்னு கேட்டா, செல்வின் அண்ணன்ட்ட கேளு, அவரு நல்லா சொல்லுவாருங்காங்க."

நல்லா சொல்லுவார் என்றால் நீட்டி முழக்குவார் என்று பொருள். மேடத்தை எனக்குத் தெரியும். போனில் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பெண்ணின் காது புண்ணாகிவிடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. வேலையில் இருந்தபோது எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தது. இப்போது அந்த ஸ்பிரிட் வாசனைக்காக ஏங்குகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஞானஸ்நானம் எடுத்த கோவில், படித்த பள்ளிக்கூடம், வேலைபார்த்த கல்லூரி எல்லாமே நடந்து போகிற தூரம். ஒரு டிப்ளமோ, ஒரு மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனை எடுக்கும் வேலை, பிறகு இந்த ஆய்வுக்கூடம். என் முதல் பாதி வாழ்க்கை அவ்வளவுதான். அதைப் பற்றி விரிவாக எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

எங்கள் கருவியின் பெயர் ஈ.எம்.ஜி. தசை வேலை செய்யும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கும். தோலின் மேல் வட்டமான வில்லைகளை ஒட்டி, அந்த மின்சாரத்தைப் பிடித்து, திரையில் அலையாகக் காட்டுவது அதன் வேலை. தசை சும்மா இருந்தால் நேர்கோடு. வேலை செய்தால் அலை. நன்றாக வேலை செய்தால் பெரிய அலை.

கேட்க எளிது. வில்லை ஒட்டுவதில்தான் இருக்கிறது சூட்சுமம். முதலில் அந்த இடத்து முடியை மழிக்க வேண்டும். பிறகு சொரசொரப்பான துணியால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்து, அது காயும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, கண்ணீர்த்துளி வடிவில் ஒரு தசை உண்டு. மடக்கிய காலை நீட்டி, உடம்பை எழுப்பி நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு. அதன் மேட்டில் இரண்டு வில்லைகள், தசை ஓடும் போக்கிலேயே. ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படையாக இன்னொன்று, தசையில்லாத கணுக்கால் எலும்பில். ஒயர்கள் ஊசலாடாதபடி பிளாஸ்டரால் காலோடு ஒட்ட வேண்டும். ஒரு காலுக்கு இத்தனை பாடு.

"காலேஜ்ல வேலைன்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டிக் குடுத்தாவ. ஊராந் தொடையெல்லாம் மழிச்சு விடுத வேலைன்னு ஒரு பயலும் சொல்லல" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். காப்பி கொடுக்கும்போதே சொல்லிவிடுவாள்.

எங்கள் துறைத்தலைவர் நூர்ஜஹான் மேடம். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர், அதனால் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வேலை என்று வந்துவிட்டால் அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துப்பட்டா முனையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வில்லைக்கு இடம் குறிப்பார். நோயாளி ஸ்டூலில் மேலே இருப்பார், துறைத்தலைவர் கீழே இருப்பார். பார்க்கிறவர்களுக்கு விநோதமாக இருக்கும். "முட்டி என் கண்ணுக்கு நேரா இருக்கணும் அண்ணே. குனிஞ்சு பாத்தா எல்லாம் சரியா இருக்க மாதிரிதான் தெரியும்" என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. திரையில் நல்ல அலை வந்தால் நாங்கள் எல்லாம் சந்தோஷப்படுவோம். அவர் மட்டும் தலையைச் சாய்த்து, "இது வேற எங்கேருந்து வந்திருக்கலாம்?" என்று கேட்பார். ஒருமுறை அது மின்விசிறி ரெகுலேட்டரிலிருந்து வந்திருந்தது. இன்னொரு முறை நோயாளியின் பையில் இருந்த கைப்பேசியிலிருந்து. நாங்கள் அவருக்கு 'வேற மேடம்' என்று பெயர் வைத்திருந்தோம். ரகசியமாகத்தான் வைத்திருந்தோம். ஒருநாள் காலையில் "வேற மேடம் வந்துட்டேன், எல்லாரும் வேலையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இசக்கிமுத்து எங்களிடம் வந்தார். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை மலைக்கு ஏறும் பஸ்ஸின் டிரைவர். ஒரு மழைநாளில் பாதையில் விழுந்து கிடந்த மரக்கிளையை இழுத்துப்போட இறங்கியவர் வழுக்கி, இடது முட்டி திருகி, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் இடது தொடை சூம்பிப்போய்விட்டது. இரண்டு தொடையையும் பக்கத்தில் பார்த்தால் அப்பனும் பிள்ளையும் போல இருக்கும்.

இடது கால் என்றால் கிளச் கால். சமவெளியில் ஓட்டுவதற்கே அது வேண்டும். மலையில் கொண்டைஊசி வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் அவரை மருத்துவக் குழு பரிசோதிக்க இருந்தது. காலில் பலம் இல்லை என்று எழுதிவிட்டால் டிப்போவில் ஏதாவது உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள்.

"மத்தவன் ஓட்டுதத வேடிக்க பாத்துட்டு உக்காந்திருக்கணும் அண்ணாச்சி. அதுக்கு அந்தக் கெளையோடயே நானும் உருண்டு போயிருக்கலாம்" என்றார் முதல்நாளே. அவர் மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று, "வாயக் கழுவுங்க" என்று அதட்டினார்.

அப்போது எங்கள் கல்லூரியில் படித்து வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், அதிர்வுப் பலகை ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். எடை பார்க்கும் எந்திரம் போல ஒரு மேடை, பிடித்துக்கொள்ளக் கம்பி. அதன் மேல் நின்று பாதி உட்கார்ந்து எழ வேண்டும். நம் ஊரில் தோப்புக்கரணம் என்பார்கள், காதைப் பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான். கீழே பலகை கிடுகிடுவென்று அதிரும். அந்த அதிர்வைச் சமாளிக்கத் தசை கூடுதலாக உழைக்கும் என்பது கணக்கு.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. வாசலில் குலையோடு இரண்டு வாழைகள் கட்டினோம். மைக் வைத்தோம். எங்கள் கல்லூரி முதல்வருக்கு மைக் என்றால் உயிர். செய்து காட்ட இசக்கிமுத்துவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் மழித்து, தேய்த்து, துடைத்து, வில்லைகளை ஒட்டினேன். பலகையை ஓட்டாமல் அவர் உட்கார்ந்து எழுந்தபோது இடது காலின் அலை சின்னதாக, அறுவடை முடிந்த வயலில் நிற்கும் நெல்தாள் போலக் குத்திட்டு நின்றது. பிறகு பலகையை ஓட்டினோம். அலை திரையின் மேல்விளிம்பைத் தொட்டது.

அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே. "தூங்கிக்கிட்டிருந்த தசை எந்திரிச்சிருச்சு!" என்று முதல்வர் மைக்கில் முழங்கினார். இசக்கிமுத்து கம்பியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டுவிட்டார். "அப்பாவுக்குக் காலு வந்துட்டு."

மேடம் கைதட்டவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பின்னால் வந்து நின்றார். "சாப்பிட்டாச்சா அண்ணே? வாங்க, அது வேற எங்கேருந்து வந்திருக்கலாம்னு பாத்துருவோம்." எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன்.

காலையில் பதிவான அலையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். தசை எழுதுகிற அலை ஒழுங்கில்லாதது. தகரக் கூரையில் மழை விழுவது போல, ஒன்று பெரிது ஒன்று சிறிது, நெருக்கம் விலக்கம் எல்லாம் கலந்திருக்கும். இது சீப்பின் பல் போல ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நின்றது. "பலகை ஒரு நொடிக்கு எத்தன தடவ அதிருதோ, அத்தன பல்லு" என்றார் மேடம்.

"உங்க முட்டிச்சில்லுல ஒட்டிப் பாப்போம் அண்ணே. அங்க தசையே கிடையாதே" என்றார். என் முட்டியை நானே மழித்து வில்லை ஒட்டி, பலகையில் ஏறி நின்றேன். ஓட்டினால், வெறும் எலும்பின் மேல் அலை வருகிறது! என் முட்டிச்சில்லு எனக்கே தெரியாமல் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தது.

மேடத்துக்கு அதுவும் போதவில்லை. "பக்கத்துத் தசையிலேருந்து கசிஞ்சு வந்ததுன்னு யாராவது சொல்லலாம். தசையே இல்லாத ஒண்ணு வேணும். மரக்கட்டையில மின்சாரம் போகாது. ஈரம் இருக்கணும், ஆள் கால் பருமன் இருக்கணும்." பேசிக்கொண்டே ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "அந்த வாழை யாருக்காவது வேணுமா அண்ணே?"

சமையல்காரரிடம் அரிவாள் வாங்கி, வாசலில் கட்டிய வாழைகளில் ஒன்றைச் சாய்த்து, தொடை நீளத்துக்கு ஒரு துண்டம் வெட்டினேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மேல்மட்டைகளை உரித்து, துடைத்து, அதே இடைவெளியில் வில்லைகளை ஒட்டிப் பிளாஸ்டர் போட்டேன். பலகையில் நிறுத்தினால் சரிந்தது. கம்பியில் இசக்கிமுத்து மறந்து விட்டுப்போன வெள்ளைத் துண்டு கிடந்தது. அதை வைத்துத் தண்டைக் கம்பியோடு கட்டினேன்.

ஓட்டினோம். அலை வந்தது. சீப்புப் பல் போல அதே அலை. உயரத்தில் இசக்கிமுத்துவின் அலைக்குக் கொஞ்சம் கீழே, என் முட்டிச்சில்லு அலைக்கு மேலே. வாழைத்தண்டு அருமையாகத் தோப்புக்கரணம் போட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழைய பாட்டிலெல்லாம் தொடையை வாழைத்தண்டு என்பார்களே, இதைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று சொல்லி நான் சிரிக்க, மேடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போது வாசலில் குரல் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, என் துண்ட எடுத்து வாழைக்குக் கெட்டிருக்கிய?"

இசக்கிமுத்து. பின்னால் பேச்சியம்மாள். துண்டைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர் பார்வை தண்டிலிருந்து ஒயர் வழியாகத் திரைக்குப் போய் அங்கேயே நின்றது. அலை ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாராயிருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்து அனுப்பியிருப்பார்கள். மேடம் பலகையை நிறுத்தினார். இசக்கிமுத்துவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, எப்போதும் போலத் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, காலையில பாத்ததுல பெரும்பங்கு உங்க கால் இல்ல. பலகை ஆடும்போது இந்த வில்லையும் ஒயரும் சேந்து ஆடுது. அந்த ஆட்டத்தையும் மெசின் தசைன்னு நெனச்சு எழுதிருச்சு. எங்களுக்கே இப்பதான் தெரியும். தெரிஞ்ச ஒடனே உங்ககிட்ட சொல்லணும்."

"அப்ப கைதட்டுனதெல்லாம்?" என்றார் பேச்சியம்மாள்.

இசக்கிமுத்து எழுந்துபோய்த் தண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கும். இஞ்சின் ஓடும். கியர் கம்பி கெடந்து ஆடும். பாக்குதவன் வண்டி போவுதுன்னு நெனைப்பான். அப்படியா மேடம்?"

"அப்படியேதான் அண்ணே."

"அப்ப என் காலு?"

மேடம் கணினியில் காலைப் பதிவைத் திறந்து, பலகையின் அதிர்வு வேகத்தில் வருகிற பற்களை மட்டும் வடிகட்டினார். மிஞ்சியதைக் காட்டினார். பலகையை ஓட்டாதபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா இது உங்களோடது."

"வளருமா?"

"வளரும்னு வாக்கு குடுக்க மாட்டேன் அண்ணே. வளந்தா, பொய் கலக்காம காட்டுவேன்."

அவர் துண்டை அவிழ்த்து உதறினார். வாழைக்கறை பிடித்திருந்தது. அந்தக் கறை லேசில் போகாது என்று எல்லாருக்கும் தெரியும். வேறு துண்டு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று அவர் படியிறங்கியதை ஜன்னலில் நின்று பார்த்தேன். கம்பியைப் பிடித்து, இடது காலை முதலில் வைத்து, பைய இறங்கினார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

அதற்குள் முதல்வர் எங்களைக் கூப்பிட்டு, "மெசின் குடுத்தவரு மனசு என்ன பாடுபடும் மேடம்? கொஞ்ச நாள் ஆறப்போடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். மேடம் அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்து வாழைத்தண்டை ஓட்டிக் காட்டினார். அதன்பிறகு அவர் கெஞ்சவில்லை. அடுத்த விழாவில் அதே மைக்கில், தானே கண்டுபிடித்தது போல அந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். மனிதர் நல்லவர்தான்.

இசக்கிமுத்துவுக்கு மேடம் ஒரு முறை வகுத்தார். முதலில் பலகையை நிறுத்திவைத்து அளப்பது. பிறகு பயிற்சி, சில நாள் பலகையை ஓட்டி, சில நாள் ஓட்டாமல். பலகையால் ஒரு பயனும் இல்லை என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை. அது ஆடுகிற ஆட்டத்தை இசக்கிமுத்துவின் கணக்கில் ஏற்றக்கூடாது என்பதுதான் பேச்சு. சில வாரங்கள் அலை இம்மிகூட நகரவில்லை. ஒருநாள் வியர்வை சொட்ட நின்றவர் திடீரென்று சொன்னார்: "அந்தப் பலகைய ஒருக்கா போட்டுவிடுங்க அண்ணாச்சி. பொய்யின்னாலும் அந்த அலையப் பாத்துச் சந்தோசமாவது பட்டுக்கிடுதேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். "போடுங்க அண்ணே, பயிற்சிதானே. திரைய மட்டும் சுவத்துப் பக்கம் திருப்பிருங்க" என்றார். திருப்பினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தார்.

மருத்துவக் குழுவுக்கு முந்தின நாள் அவரும் பேச்சியம்மாளும் வந்தார்கள். அவர் கக்கத்தில் சாக்குச் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் வாழைத்தண்டு. வாய்க்கால் ஓரத்துச் சொந்த வயலில் வெட்டியது. கண்டக்டர் லக்கேஜ் போடவா என்று கேலி செய்தானாம்.

"மொதல்ல இத ஏத்துங்க மேடம். பெறவு நான் ஏறுதேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கான்னு எங்க வீட்ல பாக்கட்டும்."

பலகையை நிறுத்திவிட்டுத் தண்டை ஏற்றினேன். நேர்கோடு. செத்த கோடு. பிறகு அவர் ஏறினார். கம்பியைப் பிடிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டார். கறைபட்ட அந்தத் துண்டு தோளில். உட்கார்ந்தார், எழுந்தார். திரையில் அலை வந்தது. சீப்புப் பல் இல்லை. தகரத்தில் மழை. வலது கால் அளவுக்கு இல்லை, ஆனால் பார்க்கிற கண்ணுக்குத் தெரிகிற அலை.

நான் மேடத்தின் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் மின்விசிறியை நிறுத்தினார். எங்கள் எல்லாருடைய கைப்பேசிகளையும் வெளியே வைக்கச் சொன்னார். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முட்டிச்சில்லில் இரண்டு வில்லைகள் ஒட்டச் சொன்னார். அங்கே அலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. இன்னொரு முறை உட்கார்ந்து எழச் சொன்னார். அலை மறுபடி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"வேற எங்கேருந்தும் இல்ல."

பேச்சியம்மாள், "அப்ப இது நெசமா இவிய காலுதானா?" என்று கேட்டார். மேடம் தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்று யாரும் கைதட்டவில்லை. அந்தத் தண்டில் பாதியை வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் பொரியல் வைத்தோம். அவ்வளவு ருசியான பொரியல் நான் சாப்பிட்டதில்லை.

மருத்துவக் குழு அவரை மறுபடி ஸ்டியரிங் பிடிக்க அனுமதித்தது, முதலில் சமவெளி பஸ்ஸில் மட்டும் என்று. மலைக்கு ஏற அவருக்கு இன்னும் ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் ஓய்வுபெற்ற மாதத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மாஞ்சோலைக்குப் போனேன். மணிமுத்தாற்றில் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டின் பின்னால் மடித்துப் போட்டிருந்த துண்டில் பழுப்புக் கறையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, இங்கன முன்னால வாங்க" என்று இடம் ஒழித்துக் கொடுத்தார்.

அணையைத் தாண்டி மலை ஏறினோம். என் மனைவி பள்ளத்தாக்கைப் பார், மேகத்தைப் பார் என்று தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. என் கண் அவர் இடது தொடையிலேயே இருந்தது. ஒரு கொண்டைஊசி வளைவில் எதிரே ஜீப் வந்ததால் பஸ் ஏற்றத்தில் நின்றது. இஞ்சின் உறுமியது. ஜன்னல், சீட்டு, என் முட்டி, கியர் கம்பி எல்லாம் கிடந்து ஆடின.

ஜீப் ஒதுங்கியது. இடது கால் கிளச்சை அழுத்தியது, கியர் விழுந்தது, பின்னால் ஒரு அடிகூடச் சரியாமல் பஸ் மேலே ஏறியது. இசக்கிமுத்து பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஆடுதது பஸ்ஸு அண்ணாச்சி. மிதிக்கது நானு."